‘இன்றைக்கு’ எந்தப் பக்கம்?

பலகையில் நான் எழுதியவை ஆறே சொற்கள்: ‘பீப்பிள் ஹூ ப்ரே ஆஃபன் ஃபீல் பீஸ்.’ அடிக்கடி ஜெபம் செய்கிறவர்களுக்கு மன அமைதி கிடைக்கிறதா, ஜெபம் செய்கிறவர்களுக்கு அடிக்கடி மன அமைதி கிடைக்கிறதா? ‘ஆஃபன்’ என்ற சொல் இரண்டு வினைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்க்கிறது. ஆங்கில இலக்கணத்தில் இதற்கு ‘ஸ்க்விண்டிங் மாடிஃபையர்’ என்று பெயர். மாறுகண் அடைமொழி என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

சென்னையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட வகுப்பறை அது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ரென் அண்ட் மார்ட்டின் நடத்தி ஓய்வுபெற்ற பிறகு, வாரக் கடைசி மாலைகளில் அங்கே ஜிமேட் தேர்வுக்கு ‘சென்டென்ஸ் கரெக்‌ஷன்’ எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம், அதில் அடிக்கோடிட்ட ஒரு பகுதி, கீழே ஐந்து விடைகள். முதல் விடை எப்போதும் கேள்வியில் இருப்பதையே அப்படியே திருப்பித் தரும். திருத்த ஒன்றுமில்லை என்பதும் அந்தத் தேர்வில் ஒரு விடை.

“இரண்டு பொருள் தருகிற வாக்கியம் தப்பான வாக்கியம். யோசிக்காமல் அடித்துவிடுங்கள்” என்றேன்.

கடைசி பெஞ்சில் இருந்த பையன் கை தூக்கினான். “மேடம், பைபிள்ல அப்படி ஒரு வாக்கியம் வந்தா என்ன செய்யறது?”

நான் சி.எஸ்.ஐ. சபை என்று அவனுக்குத் தெரியும். முந்தின கிறிஸ்துமஸுக்கு வகுப்பில் எல்லோருக்கும் கேக் கொடுத்தேன். அவன் மட்டும் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டான். யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளை, அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. “லூக்கா இருபத்துமூணு, நாப்பத்துமூணு மேடம். உங்க பைபிள்ல கமா ‘டுடே’க்கு முன்னாடி இருக்கும். எங்க பைபிள்ல ‘டுடே’க்கு அப்புறம் இருக்கு.”

எனக்கு அந்த வசனம் மனப்பாடம். என் அப்பா திருநெல்வேலிச் சீமையில் கிராமச் சபைகளில் உபதேசியாராக இருந்தவர். பெரிய வெள்ளி மும்மணித் தியானத்தில் சிலுவை மொழிகள் ஏழில் இரண்டாவதை அவரே பேசுவார். அதில் கமா இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. ஊரார் எழுதும் ஆங்கிலத்தில் எல்லாம் கமாவைத் தேடித் திருத்தினவள், மனசுக்கு மிக நெருக்கமான வாக்கியத்தைத் திருத்தும் கண்ணோடு பார்த்ததில்லை.

கதை எல்லோருக்கும் தெரியும். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட குற்றவாளிகளில் ஒருவன், நீர் ராஜாவாக வரும்போது என்னை மறந்துவிடாதேயும் என்கிற பொருளில் கெஞ்சுகிறான். அவன் தம்மோடு பரதீசில் இருப்பான் என்று இயேசு உறுதி கொடுக்கிறார். அந்தப் பதிலின் நடுவில் ‘இன்றைக்கு’ என்று ஒரு சொல். கிரேக்கத்தில் ‘செமெரோன்’. அதற்கு முன்னால் நிற்கும் வினை ‘சொல்கிறேன்’. பின்னால் வரும் வினை ‘இருப்பாய்’. மாறுகண்ணேதான். இன்றைக்கு இருப்பாய் என்றால், சாகிறவன் அன்று சாயங்காலத்துக்குள் ஆண்டவரோடு இருக்கிறான். மரணத்துக்கும் அந்தச் சந்திப்புக்கும் இடையில் காத்திருப்பு கிடையாது. இன்றைக்குச் சொல்கிறேன் என்றால், வாக்குக் கொடுத்த நாள்தான் இன்றைக்கு. அது நிறைவேறும் நாள் பின்னால் எப்போதோ. செத்தவர்கள் உயிர்த்தெழுதல் வரைக்கும் உணர்வில்லாமல் உறங்குகிறார்கள் என்று நம்புகிறவர்களுக்கு இரண்டாவது வாசிப்பு பொருந்தும். உயிர் உடனே போய்ச் சேர்கிறது என்று நம்புகிற எங்களுக்கு முதலாவது.

நான்காம் நூற்றாண்டில் எழுதிய சினாய்ப் பிரதியையோ வத்திக்கான் பிரதியையோ படம் பிடித்த பக்கங்களில் பார்த்தால் இந்தச் சிக்கலின் வேர் புரியும். பெரிய எழுத்துகள், சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, இன்றைக்கு நாம் வைக்கிற மாதிரி கமாவும் கிடையாது. கமா எல்லாம் பின்னால் வந்தவர்கள் வைத்தது. அந்தப் பையனுடைய கமாவுக்கு எப்படிப்பட்ட பிறப்போ, என்னுடைய கமாவுக்கும் ஏறத்தாழ அதே மாதிரியான பிறப்புதான்: வாசித்த ஒருவர், தமக்குப் பட்ட இடத்தில் போட்டது. அதை அன்று ராத்திரி ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மொழிபெயர்ப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1611ஆம் வருஷத்து ஆங்கில பைபிளில் கமாவை அழித்தாலும் பொருள் மாறாது என்று கண்டபோது இலக்கண டீச்சராகச் சந்தோஷப்பட்டேன். ‘டுடே’க்கு அடுத்து ‘ஷால்ட் தௌ’ என்று அவர்கள் வினையை முன்னால் தூக்கி, எழுவாயைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். அந்தக் கால ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலையில் ஓர் அடைமொழி ஏறினால் வினை இப்படித் திரும்பும். ஆகவே ‘டுடே’ அந்த இரண்டாம் வினைக்குத்தான் சொந்தம் என்று சொல்வரிசையே பூட்டு போட்டுவிட்டது. இன்றைய ஆங்கிலத்தில் அந்தத் திருப்பம் போய்விட்டதால் கமா ஒன்றுதான் காவல்.

தமிழில் கமாவுக்கு அந்த வேலை இல்லை. ‘என்று’ என்ற சொல் வந்து, சொன்ன செய்தியையும் சொல்கிற வினையையும் பிரித்துவிடுகிறது. ‘என்று’வுக்கு முன்னால் ‘இன்றைக்கு’ வந்தால் அது ‘இருப்பாய்’ பக்கம் சாயும். பின்னால் வந்தால் ‘சொல்கிறேன்’ பக்கம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்ட 1714, 1715ஆம் வருஷங்கள் முதல் இன்று வரை, தமிழில் இந்த வசனத்தை எழுத உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் அந்தச் சொல்லை நிறுத்திவைத்து, வாசிக்கிறவரிடம் விட்டுவிட நம் மொழி எளிதில் இடம் தராது. எங்கள் வீட்டுப் பைபிளில் ‘இன்றைக்கு’ முதலிலேயே நிற்கிறது. அப்பாவுக்கு இந்தக் கேள்வி ஏன் வரவில்லை என்று அப்போது புரிந்தது. அவர் கையில் கிடைத்த வாக்கியத்துக்கு ஏற்கெனவே ஒரு விடை இருந்தது.

அடுத்த வாரம் அடைமொழியை விட்டு ‘சப்ஜெக்ட்-வெர்ப் அக்ரிமென்ட்’ எடுத்தேன். எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இசைவு. ‘த பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி’ என்று எழுதுகிறவர்கள் பக்கத்தில் இருக்கிற மாம்பழத்தைப் பார்த்து வினை போடுகிறார்கள். கனமாக இருப்பது பெட்டி. நடுவில் வருவதைக் கையால் மறைத்துவிட்டு, இந்த வினை யாருடையது என்று கேளுங்கள் என்பேன். இரண்டு பெயர்களை ‘அண்ட்’ சேர்த்தால் வினை பன்மை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒன்று இடறியது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம், பதினோராம் வசனம்.

அங்கே பிதாவாகிய தேவனும் கர்த்தராகிய இயேசுவும் தன் வழியைச் செவ்வைப்படுத்த வேண்டும் என்று பவுல் வேண்டுகிறார். எழுவாய் இரண்டு. கிரேக்கத்தில் வினை ஒருமை. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு, குமாரன் பிதாவுக்குச் சமமல்லர் என்ற ஆரியுவின் கூட்டத்தாருக்கு எதிராக எழுதியபோது இந்த ஒருமை வினையைக் கையில் எடுத்தார். அப்போஸ்தலன் ‘அவர்கள்’ நடத்துவார்களாக என்று எழுதவில்லை, ‘அவர்’ நடத்துவாராக என்றுதான் எழுதினார், ஆகவே பிதாவும் குமாரனும் கொடுப்பது ஒரே ஊற்றிலிருந்து வரும் கிருபை என்பது அவர் வாதம். ஆங்கிலத்தில் இது தெரியவே தெரியாது. வேண்டுதலுக்கு அவர்கள் போடும் ‘டைரக்ட்’ என்ற வடிவம் ஒருவருக்கும் பலருக்கும் ஒன்றேதான்; காட்டிக்கொடுக்கிற ‘எஸ்’ அங்கே வராது. சபையின் பெரிய விவாதம் ஒன்று தொங்கிய ஆணி, ஆங்கிலத்துக்கு வரும்போது சுவருக்குள் மறைந்துவிட்டது.

நான் திரித்துவத்தை விசுவாசிக்கிறவள். அந்தப் பையன் வீட்டில் அதை ஏற்கமாட்டார்கள். இந்த வினையை அவன் முன்னால் வைத்து ‘பார்த்தாயா தம்பி’ என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. ஆனால் பல எழுவாய்கள் வரிசையாக வரும்போது அவற்றில் ஒன்றோடு மட்டும் வினை இசைந்து ஒருமையில் நிற்பது கிரேக்கத்தில் வழக்கமாக உள்ளதுதான். அத்தனாசியுவின் விசுவாசம் அந்த வினையிலிருந்து பிறந்ததில்லை. விசுவாசம் முன்பே இருந்தது. வினை அதற்கு இசைந்து நின்றது. அவன் கமாவைப் பற்றி நான் என்ன நினைத்தேனோ, அதையே என் பக்கத்து வினையைப் பற்றியும் நினைக்கவேண்டும். அதுதான் நியாயம். அவனிடம் அப்படியே சொன்னேன்.

எபிரெயத்தில் ஆதியாகமத்தின் முதல் வசனம் இன்னும் ஆழம். அங்கே கடவுளுக்குள்ள சொல் ‘ஏலோஹீம்’. கேருபீன், சேராபீன் என்று நாம் வாசிக்கிற பெயர்களில் இருக்கிற அதே பன்மை ஈறு அதிலும் இருக்கிறது. ஆனால் ‘படைத்தார்’ என்பதற்கு வரும் வினை ‘பாரா’ ஒருமை. பெயர் பலராகத் தோன்றுகிறது, வினை ஒருவரே என்கிறது. நம் தமிழ் வேதத்திலோ அது தலைகீழ். ‘தேவன்’ என்பதில் உள்ளது ஆண்பால் ஒருமை ஈறு; ‘சிருஷ்டித்தார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ பிறப்பில் பலர்பால் ஈறு. ஒருவரைப் பன்மையால் சொல்வது உயர்வு கருதிய வழக்கு, இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பிரித்து வைத்திருக்கிறது. கடவுளைச் சொல்ல வரும்போது எபிரெயனுடைய பெயர்ச்சொல் நிறைந்து வழிந்தது, தமிழனுடைய வினைச்சொல் நிறைந்து வழிந்தது. இசைவு கெட்ட இந்த இரண்டு வாக்கியங்களையும் தேர்வுத்தாளில் கண்டால் அடித்துவிடச் சொல்வேன். ஜெபத்தில் இவற்றைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அதே மாடியில் எனக்கு முந்தின வகுப்பில் கணக்கு நடத்தியவர் ஒரு மாத்வர். சுக்குக் காப்பி குடித்துக்கொண்டு இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். “டீச்சர், எங்ககிட்டயும் இது உண்டு” என்றார். சாந்தோக்ய உபநிடதம் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்கு ஒன்பது முறை சொல்லும் மகாவாக்கியம், நீயே அது என்று அத்வைதிகள் கொண்டாடுவது. அதற்கு முன்னால் நிற்கும் சொல் ‘ஆத்மா’. சந்தியில் அந்த நெடில் ‘ஆ’வுக்குள் ஒரு குறில் ‘அ’ கரைந்திருக்க வடமொழி இலக்கணம் இடம் தருகிறது. அந்த ‘அ’வைப் பிரித்தெடுத்தால் ‘நீ அது அல்ல’ என்று ஆகிவிடும். அவர் மரபின் குரு மத்வர் அப்படித்தான் பிரித்தார். இந்த வாக்கியத்தில் இசைவுச் சிக்கலும் இருக்கிறது என்று பிறகு படித்தேன். ‘அது’ நபும்சகம், ‘நீ’ என்பது மகன். இரண்டும் ஒன்றென்றால் பால் ஒத்துப்போக வேண்டாமா என்று கேட்டு, ‘நீ இருப்பது அவ்விதமே’ என்பதுதான் பொருள் என்று 1986இல் ஜோயல் பிரெரெட்டன் என்ற அமெரிக்க சமஸ்கிருத அறிஞர் வாதிட்டார். ஒரு உயிரெழுத்து, ஒரு பால் விகுதி. ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றா, வேறா என்பது இந்தச் சின்ன இடங்களில் வந்து நிற்கிறது.

அந்த ஆண்டு முழுவதும் எனக்கு ஒரே கேள்விதான். நம்பிக்கைக்குரிய காரியத்தை இலக்கணம் தீர்த்து வைக்குமா? நான் கண்ட வரையில் அது பாதி தூரம் வரும். எதையெல்லாம் சொல்ல முடியாது என்று காட்டும். ‘செமெரோன்’ என்ற சொல்லை ‘பரதீசு’க்கு அடைமொழியாக்க எந்த இலக்கணமும் விடாது. மிச்சமிருக்கும் இரண்டில் எது என்று கேட்டால், பிறகு நாம்தான் பேசவேண்டும், நம் பெயரில் பேசவேண்டும்.

நான் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கமா ‘இன்றைக்கு’வுக்கு முன்னால்தான் வரவேண்டும் என்று இன்னும் நம்புகிறேன். ‘மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்’ என்ற ரீதியில் இயேசு பேசுவது சுவிசேஷங்களில் எத்தனையோ இடத்தில் வருகிறது. அந்த வாய்பாட்டோடு அவர் வேறெங்கும் ‘இன்றைக்கு’ சேர்த்ததில்லை. லூக்காவுக்கு அந்தச் சொல் மேல் தனிப் பிரியம் உண்டு. மேய்ப்பர்களுக்குத் தூதன் செய்தி சொல்லும்போது, நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு சுருளைச் சுருட்டிக் கொடுத்தபின், சகேயுவின் வீட்டில் ரட்சிப்பு வந்தபோது என்று எங்கெல்லாம் காத்திருந்தது நடந்துவிட்டதோ அங்கெல்லாம் ‘இன்றைக்கு’ வருகிறது. அந்தக் குற்றவாளி கேட்டது ‘எப்போதோ ஒருநாள் வரும்போது’. பதில் அந்த ‘எப்போதோ’வுக்குத்தான் வருகிறது. எதிர்ப்பக்கமும் வெறும் பிடிவாதம் இல்லை. உபாகமத்தில் மோசே ‘இன்று உனக்குக் கட்டளையிடுகிறேன்’ என்கிற மாதிரி திரும்பத் திரும்பப் பேசுகிறார். வாக்கை அழுத்திச் சொல்ல நாளைச் சேர்ப்பது எபிரெய வழக்கு. வில்லியம் கியூரட்டன் 1858இல் பதிப்பித்த பழைய சிரியாக் சுவிசேஷப் பிரதியும் ‘இன்றைக்குச் சொல்கிறேன்’ என்றே வாசிக்கிறது. எடை போட்டால் என் தட்டு தாழ்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அப்பாவின் குரல் அந்தத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறைக்கமாட்டேன். அவர் கடைசி மூச்சு விட்ட மத்தியானம் நான் பிடித்துக்கொண்டது இந்த ஒரு சொல்லைத்தான். அன்றைக்கே என்று நம்பினேன். இன்னும் நம்புகிறேன்.

பையன் தேர்வு எழுதி, வெளியூரில் படிக்கப் போய்விட்டான். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் சென்டென்ஸ் கரெக்‌ஷன் என்ற பகுதியையே எடுத்துவிட்டார்கள். மாடி வகுப்பு நின்றது. சில மாதம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. அவன் அப்பா இறந்துவிட்டார், அவன் ஊர் வந்து சேர்ந்திருந்தான்.

பெரம்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடக்கம் முடிந்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. அவன் அம்மா கூடத்து ஜன்னலோரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் போவதற்கு முந்தின வாரம்தான் கண்புரை அறுவை செய்திருக்கிறார்கள். படிக்கக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அழாமல் எப்படி இருக்க முடியும்? பையன் காப்பி போட உள்ளே போனான். அவர் டீப்பாய் மேல் இருந்த புத்தகத்தைத் தடவி எடுத்து என் கையில் கொடுத்தார். “டீச்சரம்மா, அவன் உங்க வகுப்பில கேட்டானாமே, அந்த இடத்தை வாசிங்க. அவங்க அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது.”

அவர்களுடைய பைபிள் அது. விரித்தேன். ‘இன்றைக்கு’ என்ற சொல் ‘சொல்கிறேன்’ பக்கம் நின்றது. என் பையில் என்னுடைய பைபிள் இருந்தது. வசனம் மனப்பாடமும்கூட, கண்ணை மூடிக்கொண்டு அப்பா சொன்ன மாதிரியே சொல்லியிருக்கலாம், அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியவும் போவதில்லை. நான் நம்பாத இடத்தில் நிறுத்தி வாசித்தால் அது பொய்யாகுமா என்று ஒரு கணம் தயங்கினேன். அவர் புருஷன் தூங்குகிறார் என்று அவர் நம்புகிறார். ஒருநாள் எழுப்பப்படுவார் என்று காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்குள் என் கமாவை நான் கொண்டுபோய்ச் செருக எனக்கு உரிமை கிடையாது. அச்சில் இருந்தபடி வாசித்தேன். அவர்கள் நிறுத்தின இடத்தில் குரலை நிறுத்தினேன்.

பிறகு வினைக்கு வந்தேன். ‘இருப்பாய்.’ இன்றைய ஆங்கிலத்தில் ‘யூ’ என்றால் ஒருவரா, ஒரு கூட்டமா என்று தெரியாது. கிரேக்கத்தில் தெரியும், பழைய ஆங்கிலத்து ‘தௌ’வில் தெரியும், நம் ‘ஆய்’ விகுதியில் தெரியும். முன்னிலை, ஒருமை, எதிர்காலம். சாகப்போகும் ஒருவர் பக்கத்தில் சாகப்போகும் இன்னொருவனைப் பார்த்து, அவன் ஒருவனுக்கென்றே சொன்னது. அதில் எங்கள் இரண்டு பைபிள்களுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் கிடையாது. அந்தச் சொல்லை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

“இன்னொரு தடவை வாசிங்க டீச்சரம்மா” என்றார்.

வாசித்தேன்.